பேய் பிடித்தல்: இரண்டாம் பொருள்

ஜனவரி 9

எலிக்கு,

பதினான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. நீ நலமாக இருப்பதாக நான் வைத்துக்கொள்கிறேன். நானும் அப்படியே என்று நீ வைத்துக்கொள். உன் முகவரி உங்கள் அகராதியின் முதல் பக்கத்திலேயே இருந்தது. உதவியாசிரியர்கள் பட்டியலில் நான்காவது பெயர். சின்ன வயதில் புத்தகத்தின் ஓரத்தைக் கடித்துத் தின்றவள் வேறெங்கே போயிருக்கப் போகிறாய்?

விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வருடமாக நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், சுவரில் கால அட்டவணை. எந்த வண்டி எந்த மேடைக்கு வரும் என்று சொல்வது என் வேலை. போன நவம்பரில் எல்லா நிலையங்களுக்கும் ஒரே குரலைப் பதிவு செய்து வைப்பது என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். நாற்பது பேரைப் பேசவைத்துப் பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். மொத்தம் இருநூற்றுப் பதினொரு நிலையம்.

பதினாறாம் நாள் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. தட்டச்சு செய்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: "இவர் இளம் வயதில் பேய் பிடித்தவர். ஆண் குரலில் பேசியவர். ஆள் வைத்து ஓட்டப்பட்டவர். இப்படிப்பட்டவரின் வாயை நம்பிப் பொதுமக்கள் ரயில் ஏறுவது ஆபத்து."

மொட்டைக் கடிதத்தைக் கிழித்துப் போடுவதுதான் வழக்கம். ஆனால் இது போய்ச் சேர்ந்த அதிகாரி மிக ஒழுங்கானவர். ஒழுங்கானவர்களிடம் மாட்டிக்கொள்ளவே கூடாது. அவர் உங்கள் அகராதியை வரவழைத்து, பக்கத்தைப் பிரதி எடுத்து, மெமோவோடு இணைத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். நீங்கள் போட்டிருப்பது இது:

"பேய் பிடித்தல்: 1. இறந்தவரின் ஆவி ஒருவர் உடலில் புகுதல். 2. (பெரும்பாலும் பெண்களுக்கு) புத்தி பேதலித்தல்."

கீழே அவருடைய குறிப்பு: "முதல் பொருள் நிர்வாகத்தின் வரம்புக்குள் வராது. இரண்டாம் பொருள் குறித்து ஊழியர் விளக்கம் அளிக்கவும்."

சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆனால் விசாரணை மார்ச் பதினெட்டாம் தேதி. அதுவரை மைக் பக்கம் போகக் கூடாது. தொலைந்த பொருள் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். என் பொறுப்பில் இப்போது முப்பத்தேழு குடையும் ஒரு பல்செட்டும் இருக்கின்றன.

எனக்கு இரண்டு கேள்வி. அந்த இரண்டாவது பொருளை எழுதியது யார்? எதை வைத்து எழுதினார்? பதிலை உங்கள் அலுவலகத் தாளில் முத்திரை போட்டு அனுப்பு.

போன் செய்யாதே. என் குரல் வீட்டு ஆட்களுக்கு இப்போதைக்குக் கிடையாது.

அக்கா

*

ஜனவரி 17

அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். பயம்தான். நீ கேட்டதற்கு மட்டும் முதலில் பதில் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகம் மூன்றாவது மாடியில். சுவர் முழுக்க இரும்பு இழுப்பறைகள், அவற்றுக்குள் அட்டைகள். யாராவது உண்மையில் பேசிய அல்லது எழுதிய ஒரு வாக்கியம், சொன்னவர் யார், யாரைப் பற்றிச் சொன்னார், எந்தச் சூழலில் சொன்னார் — ஓர் அட்டைக்கு நான்கு வரி. ஒரு பொருளை அகராதியில் ஏற்ற வேண்டுமென்றால் குறைந்தது மூன்று அட்டை இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். புதிய பதிப்புக்காக அக்டோபரிலிருந்து நான் 'பே' வரிசையில் இருக்கிறேன். நீ நம்பமாட்டாய், உன் கடிதம் வந்த அன்று என் மேசையில் விரிந்து கிடந்ததே அந்தச் சொல்தான்.

இரண்டாவது பொருளுக்கு எத்தனை அட்டை இருக்கிறது என்று தேடினேன். ஒன்றே ஒன்று. நாற்பது வருடத்துக்கு முந்தையது. எழுதியவர் இப்போது உயிரோடு இல்லை. அட்டையை அப்படியே தருகிறேன்:

"அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது, எது சொன்னாலும் கேட்பதில்லை." சொன்னவர்: கணவர். யாரைப் பற்றி: மனைவி. சூழல்: பக்கத்து வீட்டாரிடம் குறைப்பட்டுக்கொண்டபோது.

அவ்வளவுதான், அக்கா. அந்த மனைவி என்ன செய்தாள், எதைக் கேட்கவில்லை, ஒன்றும் தெரியாது. சொன்னதைக் கேட்காத ஒருத்தியை வைத்து 'புத்தி பேதலித்தல்' என்று எழுதிவிட்டார்கள். நாற்பது வருடமாக அது அச்சாகிக்கொண்டிருக்கிறது.

மூன்று மாதமாக இந்தச் சொல்லோடு குடித்தனம் நடத்துகிறேன். கொஞ்சம் சொல்லலாமா? பேய் என்பது எப்போதும் கெட்ட வார்த்தையாக இருந்ததில்லை. அளவுக்கு மீறிப் பெய்தால் பேய்மழை. மனிதர் தின்ன முடியாமல் கசந்தால் பேய்ச்சுரை. வெயிலில் தண்ணீர்போல் தெரிந்து ஏமாற்றும் கானலுக்குப் பழைய பெயர் பேய்த்தேர். நம் கைக்கு அடங்காத எதற்கும் இந்தச் சொல்லை முன்னால் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் மனிதர்களிடம் வரும்போது பாதை பிரிகிறது. "பேயா உழைக்கிறான்" என்று என்னிடம் இருபத்திரண்டு அட்டைகள், எல்லாம் ஆண்களைப் பற்றி, எல்லாம் பாராட்டு. பிடித்தல் சேர்ந்தால் மட்டும் பெண்கள்.

உனக்காக ஒன்று செய்ய முடியும். 'கட்டுக்கடங்காமல் இருத்தல், விளையாட்டாகச் சொல்வது' என்று பொருளைத் தணித்து எழுதி, மருத்துவ அர்த்தம் எதுவும் கிடையாது என்று இயக்குநரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன். அதை வைத்து அவர்கள் ஃபைலை மூடிவிடலாம்.

அந்த நாட்களைப் பற்றி உனக்கு எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. தாளில் இடமில்லை.

(இடம் இருக்கிறது. பின்பக்கம் முழுக்கக் காலி.)

எலி

*

ஜனவரி 26

எலி,

ஒற்றை அட்டைக்கு நன்றி. அதைக் குடைகளுக்கு நடுவே வைத்து நான்கு முறை படித்தேன். அந்த மனைவியைச் சந்தித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் உன் தணித்த பொருள் எனக்கு வேண்டாம். விளையாட்டாகச் சொல்வதா? உள்ளங்கால் வீங்கிப் பதினோரு நாள் செருப்புப் போட முடியாமல் இருந்தேன். எந்த விளையாட்டில் அப்படி ஆகும்?

உனக்கு அப்போது பதினொரு வயது. என்ன தெரியும், என்ன தெரியாது என்று எனக்குத் தெரியாது. அதனால் சொல்கிறேன். அறிவிப்பாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அப்பா அதைக் கிழித்தார். "நாலு பேர் நடமாடுற இடத்துல மைக்கப் பிடிச்சுக் கத்தப் போறியா?" என்றார். இன்னொரு விண்ணப்பம் வாங்கிப் போட்டேன். குரல் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. என் குரல் அப்போது கீச்சென்று இருக்கும், நினைவிருக்கிறதா? அறிவிப்புக்குக் கீழ்க்குரல் வேண்டும். நிறுத்தி, அவசரமில்லாமல், மூச்சு வயிற்றிலிருந்து வர வேண்டும். மத்தியானம் அப்பா கடையில் இருக்கும் நேரத்தில் அறையைச் சாத்திக்கொண்டு, அலமாரிக்குள் தலையை விட்டுப் பேசிப் பழகினேன். துணிகளுக்கு நடுவே எதிரொலி குறைவு. அவ்வளவுதான் என் பேய்.

எப்படியோ அம்மாவுக்கு விஷயம் போயிற்று, 'வேறு குரல்' கேட்கிறது என்று. யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. அப்பாவுக்கு அது வசதியாகப் போயிற்று. பெண் சொல் கேட்கவில்லை என்றால் அவருக்கு அவமானம். பேய் பிடித்திருக்கிறது என்றால் அனுதாபம்.

பேயோட்டும் ஆள் ஒருவன் கைப்பையோடு வந்தான். ஜன்னலை எல்லாம் சாத்தி, புகை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து உள்ளங்காலில் பிரம்பால் அடித்தான். முதல் இரண்டு நாள் நான் உண்மையைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவன் கத்தினான்: "யார் நீ? சொல்லு! எப்ப போவ?"

எனக்கு என்ன தோன்றியதோ, நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு வாரமாகப் பழகிய அந்தக் குரலில் சொன்னேன்: "முதலாவது மேடையில் நிற்கும் வண்டி இன்னும் சில நிமிடங்களில் புறப்படும். வழியனுப்ப வந்தவர்கள் தயவுசெய்து இறங்கிவிடவும்."

பையை விட்டுவிட்டு ஓடினான், பாவம். அதன்பிறகு யாரும் என் பக்கம் வரவில்லை. கதவைக்கூடப் பூட்டவில்லை. வீக்கம் முழுக்க வடிவதற்குள் ரயிலேறிப் போய்க் குரல் தேர்வில் பேசினேன். திரும்பி வரவில்லை.

ஆகவே எலி, பொருளைத் தணிக்காதே. தேனைத் தடவித் தராதே. அந்தச் சொல்லை யார் சொன்னார்கள், யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று எழுது. உங்கள் அட்டையில்தான் அதற்கு வரி இருக்கிறதே, அச்சில் மட்டும் ஏன் அதை மறைக்கிறீர்கள்?

பின்பக்கத்தையும் உபயோகி. தாள் விலைக்குத்தான் வாங்குகிறாய்.

அக்கா

*

பிப்ரவரி 3

அக்கா,

நான்தான் சொன்னேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தேன். இனி நிறுத்தாமல் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் அரை நாள். உன் அறைக் கதவில் காதை வைத்தேன். உள்ளே நீ இல்லை. அதாவது உன் குரல் இல்லை. வேறு யாரோ பெரிய மனுஷி, நிதானமாக, யாரையோ எங்கேயோ போகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை, எல்லாம் துணிக்குள் சுற்றினாற்போல் கேட்டது. ஓடிப்போய் அம்மாவிடம், "அக்கா ரூமுக்குள்ள வேற யாரோ பேசறாங்கம்மா" என்றேன். இது உண்மை. நான் அப்படித்தான் நம்பினேன்.

இதோடு நின்றிருந்தால் உனக்கு எப்போதோ எழுதியிருப்பேன்.

அம்மா என்னை உட்கார வைத்து மறுபடி கேட்டாள். அப்புறம் அப்பா கேட்டார். அந்த வீட்டில் அதுவரை நான் பேசி யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. அப்பா கடைக்குப் போவதைத் தள்ளிப்போட்டு என் முகத்தையே பார்த்தார். "அப்புறம்?" என்றார். என்னிடம் அப்புறம் எதுவும் இல்லை. ஆனால் அவர் எழுந்துவிடக் கூடாதே என்று இருந்தது. "அக்காவுக்குப் பேய் பிடிச்சிருக்குப்பா. ஆம்பளக் குரல்" என்றேன்.

அது பொய். நான் கேட்டது பெண் குரல்தான், கேட்கும்போதே தெரியும். அந்த ஒரு வார்த்தையில்தான் அம்மாவின் முகம் மாறியது. அடுத்த நாள் அந்த ஆள் வந்தான். நான் மூன்று நாளும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். நிஜத்தைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்திருப்பார்கள் என்று பயந்தேன். அதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இன்னொன்று. உனக்கு வந்த மொட்டைக் கடிதத்தில் "ஆண் குரலில் பேசியவர்" என்று இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் உனக்குப் பேய் பிடித்தது தெரியும். ஆண் குரல் என்று நான் சொன்னது நம் வீட்டுக்குள் இருந்த ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும்; அந்த ஆளிடம்கூட அம்மா 'வேறு குரல்' என்றுதான் சொன்னாள். கடிதம் நம் வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறது.

விசாரணைக்கு வந்து இதையெல்லாம் சொல்கிறேன். எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருகிறேன்.

எலி

*

பிப்ரவரி 12

எலி,

கடிதம் வந்தது. படித்தேன். என்னால் இப்போது பதில் எழுத முடியாது.

*

பிப்ரவரி 24

எலி,

இரண்டு வாரம் உன்னைத் திட்டித் தீர்த்தேன், மனதுக்குள். என்னோடு வேலை செய்கிற டிக்கெட் பரிசோதகர் அம்மாள் கேட்டார்: "என்ன, பல்செட்டோட சண்டையா? உதடு அசையுது." இல்லை, தங்கையோடு என்றேன். "அப்ப அது நல்லபடியா முடியாது" என்றார். அவருக்கு நான்கு தங்கைகள்.

உன்னை மன்னிக்கிறேனா என்று கேட்காதே. அது தனிக் கணக்கு, அதற்கு என்னிடம் அவசரமில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். கதவுக்கு வெளியே நின்று கேட்டபோதே அது பெண் குரல் என்று உனக்குத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறாயே, நிதானமான பெரிய மனுஷி என்று. என் அறிவிப்பின் முதல் ரசிகை நீதான் போலிருக்கிறது. அதை நினைத்து எரிச்சலும் வருகிறது, என்னவோ போலும் இருக்கிறது.

நீ வர வேண்டாம். நேரில் வந்தால் அழுவாய், அவர்கள் உனக்குத் தண்ணீர் கொடுப்பார்கள், விசாரணை உன்னைப் பற்றி ஆகிவிடும். எழுதி அனுப்பு. கேட்டதையும் எழுது, சேர்த்துச் சொன்னதையும் எழுது. ஏன் சேர்த்தாய் என்பதை எழுதாதே. அது அவர்களுக்கு எதற்கு?

யார் கடிதம் போட்டது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நீ கேட்பாயா மாட்டாயா என்பதுதான் எனக்குத் தெரியாது.

அக்கா

*

மார்ச் 6

அக்கா,

கேட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா ஆபீசுக்குப் போன லெட்டர நீங்கதானேப்பா எழுதுனீங்க?"

"எந்த லெட்டர்?"

"ஆம்பளக் குரல்னு இருக்கே, அந்த லெட்டர். அது நம்ம நாலு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவ. ஒருத்தி நான்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "என்ன எதுக்குப் பாக்குறீங்க?" என்றாள் அம்மா. "நான் மளிகை லிஸ்ட்டே எழுதுறதில்ல."

நாளிதழை மடித்துவிட்டு, "ஆமா. நான்தான்" என்றார் அப்பா. "என் இரும்புக் கடைக்கு நேர் எதிர்ல ஸ்டேஷன். ஒரு நாளைக்கு முப்பத்தாறு வண்டி. பேப்பர்ல போட்டிருக்கான், எல்லா ஸ்டேஷனுக்கும் அவ குரலாம். முப்பத்தாறு தடவ அவ வந்து என் காதுல பேசணுமா? அப்பன் பேச்சத் தட்டிட்டுப் போனவ!"

"உங்க காதுல இல்லப்பா. பயணிங்க காதுல."

"வாய் நீளுது."

"அந்த ஆம்பளக் குரல் பொய்யிப்பா. நான்தான் சும்மா சேத்துச் சொன்னேன். அத எழுதி அனுப்பப் போறேன்."

அப்பா மடித்த நாளிதழைத் தூக்கி நாற்காலியில் போட்டார். பிறகு, "குடும்ப மானத்த வாங்கப் போறியா? உனக்கும் பேய் பிடிச்சிருச்சா?" என்றார்.

"ஆமாப்பா" என்றேன்.

அம்மாவின் கையிலிருந்த தலையணை உறை அப்படியே நின்றது. அவள் என்னைத் தடுக்கவில்லை. அவள்தானே உன் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டவள், அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் தடுக்கவில்லை.

நான் மேசைக்குப் போய் ஓர் அட்டையை எடுத்தேன். "உனக்கும் பேய் பிடித்துவிட்டதா?" சொன்னவர்: தந்தை. யாரைப் பற்றி: இளைய மகள். சூழல்: உண்மையைச் சொல்லப் போவதாக அவள் சொன்னபோது. பிறகு இன்னொன்று எழுதினேன். "அக்காவுக்குப் பேய் பிடித்திருக்கிறது, ஆண் குரலில் பேசுகிறாள்." சொன்னவர்: தங்கை, வயது பதினொன்று. சூழல்: எல்லோரும் தன்னைக் கவனிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டபோது. அந்தப் பழைய கணவரோடு சேர்த்து மூன்று அட்டை ஆயிற்று.

திங்கட்கிழமை அவற்றை இயக்குநர் மேசையில் வைத்தேன். கூர்ந்து படிக்கும்போது மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுபவர் அவர், அன்று கழற்றினார்.

"அகராதி நீதிமன்றம் இல்லம்மா."

"சாட்சிக் கூண்டா இருக்கலாமே சார்."

"சொந்தக் குடும்பத்தையா அட்டையில ஏத்துவ?"

"அந்தக் கணவர் யார் குடும்பம்னு நாம யாரும் கேக்கலையே சார்."

நான் எழுதியிருந்த பொருள் இது: "2. (சொன்னதைக் கேட்காத பெண்ணைப் பற்றி வீட்டாரும் மேலதிகாரிகளும் கூறுவது) பணிய மறுத்தல். 'புத்தி பேதலித்தல்' என்ற முந்தைய பதிப்பின் பொருளுக்குச் சான்று இல்லை."

'மேலதிகாரிகளும்' என்பதன்மேல் பென்சிலால் கோடு போட்டார். "இதுக்கு அட்டை எங்க?"

"விசாரணை இன்னும் முடியல சார்."

சிரித்துவிட்டார். ஆனால் அந்தச் சொல்லை அடித்துவிட்டார். மீதிக்குக் கையெழுத்துப் போட்டார். முத்திரையோடு இணைத்திருக்கிறேன். கூடவே என் வாக்குமூலம், ஒரு பக்கம். நீ சொன்னபடி காரணம் எழுதவில்லை.

இதுவரை ஊரிலிருந்து ரயிலில் அலுவலகம் போய்வந்தேன்; இப்போது அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். உறையின் பின்னால் புது முகவரி. அப்பா போகச் சொல்லவில்லை. நான் இருக்கவில்லை.

எலி

*

மார்ச் 20

எலி,

விசாரணை நடந்தது. நீளமான மேசை. அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் குறிப்பெடுக்கும் தட்டச்சர், எதிரே நான். அதிகாரி உன் வாக்குமூலத்தைச் சத்தமாகப் படித்தார். ஒரு வார்த்தை விடாமல். பதினொரு வயதுக் குழந்தை காதை வைத்ததை ஐம்பது வயது மனிதர் ஒருவர் அலுவலகத் தமிழில் படிப்பதைக் கேட்க நீ அங்கே இல்லாதது உனக்கு நல்லதுதான்.

பிறகு அகராதித் தாளைப் படித்தார். "பணிய மறுத்தல்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அவருக்கு அது புத்தி பேதலித்தலைவிடப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"சரிம்மா. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லைன்னு வச்சுக்குவோம். ஃபைலை மூடணும்னா ஒரே ஒரு தாள் வேணும். டாக்டர்கிட்ட 'இவர் நலமாக இருக்கிறார்'னு ஒரு சர்ட்டிஃபிகேட்."

"எதுலேர்ந்து நலம்னு எழுதச் சொல்லட்டும் சார்?"

"பொதுவா."

"இங்க வேலை பாக்குற எல்லாருக்கும் கேக்குறீங்களா?"

"அவங்கமேல புகார் வரல."

"என்மேல வந்த புகார் பொய்னு நீங்களே இப்பப் படிச்சீங்க. பொய்க்கு எதுக்கு சார் சர்ட்டிஃபிகேட்? குடுத்தா, முதல்ல ஏதோ இருந்துச்சு, இப்பச் சரியாயிருச்சுன்னு ஆயிரும். நான் தர மாட்டேன்."

"ஒரு தாள்தானேம்மா. அஞ்சு நிமிஷ வேலை."

"அஞ்சு நிமிஷத்துக்குக்கூட ஒத்துக்க மாட்டேன்."

அவருக்குப் பொறுமை போய்விட்டது. ஒழுங்கானவர்களுக்குப் போனால் மொத்தமாகப் போகும் போலிருக்கிறது. மேசையைத் தட்டி, "என்னம்மா இது, பேய் பிடிச்ச மாதிரி நிக்கிறீங்க!" என்றார்.

தட்டச்சரின் கை நின்றது. பிறகு அந்தப் பெண் மிகப் பணிவாகக் கேட்டாள்: "சார், இதையும் அடிக்கட்டுமா?"

எலி, நான் சிரிக்கவில்லை. அதற்கே ஒரு பதக்கம் தரலாம். "அடிங்கம்மா," என்றேன், "தேதி, நேரம், சொன்னவர் எல்லாம் சேத்து."

உன் இயக்குநருக்கு அட்டை தயார் என்று சொல்.

தீர்ப்பு இரண்டு வாரத்தில் வரும்.

அக்கா

*

ஏப்ரல் 8

எலி,

தீர்ப்பு வந்தது. சர்ட்டிஃபிகேட் தேவையில்லை. மைக்கைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். குடைகளிடம் விடைபெற்றேன்.

ஆனால் கடைசிப் பத்தியைக் கேள். "ஒரு நிலையத்தின் எதிரே கடை வைத்திருக்கும் பொதுமக்களில் ஒருவர் தம் பெயரில் ஆட்சேபம் அளித்துள்ளதால், அவரது மன அமைதியைக் கருதி, அந்த ஒரு நிலையத்துக்கு மட்டும் மாற்றுக் குரலில் பதிவு செய்யப்படும்."

இந்த முறை அப்பா பெயர் போட்டு எழுதியிருக்கிறார். அந்த அளவுக்கு முன்னேற்றம்.

எல்லோரும் சொல்கிறார்கள், இருநூற்றுப் பத்து போதாதா என்று. பரிசோதகர் அம்மாள்கூட, "விட்டுக் குடு, ஒண்ணுதானே" என்றார். யோசித்தேன். உண்மையாகவே இரண்டு நாள் யோசித்தேன். பிறகு எழுதிக் கொடுத்தேன்: இருநூற்றுப் பதினொன்று, அல்லது ஒன்றுமே இல்லை. அந்த ஒரு நிலையத்தில் நின்றுதான் நான் முதன்முதலாக ரயில் ஏறினேன், வீங்கிய காலோடு. அங்கே மட்டும் நான் பேசக் கூடாது என்றால் வேறெங்கேயும் பேச வேண்டியதில்லை.

எடுத்துக்கொள்ளட்டும் மைக்கை. எனக்குப் பயமாக இருக்கிறது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஆனால் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கமாட்டேன்.

அக்கா

*

ஏப்ரல் 15

அக்கா,

திரும்ப வாங்காதே. வேலை போனால் என் அறைக்கு வா. இரண்டு பேர் படுக்கலாம், ஒருவர் புத்தகங்களின் மேல்.

நீ அனுப்பிய விசாரணைக் குறிப்பை இயக்குநர் பார்த்தார். முன்பு அடித்த பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தார். 'மேலதிகாரிகளும்' அச்சுக்குப் போகிறது. உங்கள் நிர்வாகத்துக்கும் பக்கத்தின் பிரதி ஒன்றை அனுப்பியிருக்கிறார், தகவலுக்காக என்று குறிப்போடு. இத்தனை வருடத்தில் அவர் செய்த முதல் குறும்பு என்று நூலகர் சொல்கிறார்.

எலி

*

மே 30

எலி,

ஒப்புக்கொண்டுவிட்டார்கள். காரணம் எதுவும் எழுதவில்லை. அகராதியில் இடம்பெற விரும்பாத ஏதோ ஒரு மேலதிகாரி என்று நினைக்கிறேன்.

நேற்றுப் பதிவு முடிந்தது. நம் ஊர்ப் பெயரை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைக்கச் சொன்னேன். ஒலிப்பதிவாளர், "மேடம், இன்னொரு தடவ வேணுமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஜூலை முதல் தேதியிலிருந்து ஒலிக்கும்.

உனக்குப் போன் எண் அனுப்புகிறேன். மாலை ஆறுக்குமேல் மட்டும்.

அக்கா

*

ஜூலை 5

அக்கா,

போனில் சொல்லியிருக்கலாம். இதை எழுதத்தான் தோன்றியது.

நேற்று நம் ஊருக்குப் போனேன். பத்து மணி வண்டியிலிருந்து நான் இறங்கும்போதே நீ பேச ஆரம்பித்தாய். கூட்டத்தில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீ சொன்ன மேடைக்கு நீ சொன்னபடி நடந்தார்கள். தண்டவாளத்தைத் தாண்டி, சாலையைத் தாண்டி, கடைவரை தெளிவாகக் கேட்கிறது.

அம்மா கடை வாசலில் கையில் பையோடு நின்றிருந்தாள். உள்ளே போகாமல் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அடுத்தது பதினொண்ணு அஞ்சுக்கு" என்றாள். என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. பதினொன்று ஐந்துவரை நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம்.

அப்பா உள்ளே இருந்தார். முதல் நாள் வானொலியைச் சத்தமாக வைத்தாராம். வாடிக்கையாளர்கள் ஆணி என்ன விலை என்று கத்த வேண்டியிருந்ததாம். இரண்டாம் நாள் ஷட்டரைப் பாதி இறக்கிப் பார்த்திருக்கிறார். நேற்று மேசையைத் தூக்கி, கம்பிக் கட்டுகளுக்கெல்லாம் பின்னால், கிடங்கின் கடைசிச் சுவரை ஒட்டிப் போட்டுவிட்டார். நான் அதுவரை நடந்துபோய், அவர் பக்கத்தில் நின்றேன்.

அங்கேயும் நன்றாகத்தான் கேட்கிறது.

எலி